மழை நாளில் தலை வாரியவள்

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் ஒரு புதுக் கம்பெனிக் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தேன். மண்ணூரிலிருந்து ஒருத்தியும் வருவாள். ஒல்லியாக இருப்பாள், முன்பல் கொஞ்சம் எடுப்பு. கொண்டையில் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருக்கும்.

மழை வந்தால் கான்கிரீட் போட மாட்டார்கள், கூலியும் கிடையாது. ஒரு நாள் நாங்கள் நடந்துபோய்ச் சேர்ந்ததும் மழை கொட்டியது. "இன்னிக்கு வேல இல்ல, வூட்டுக்குப் போங்க" என்றார் மேஸ்திரி. என் வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அவளோ சிமெண்ட் கொட்டகையில் உட்கார்ந்து சீப்பை உருவினாள்.

"நல்லதாப் போச்சுக்கா. தலை வாரி எத்தினி நாளாச்சு!"

"உனுக்கு இன்னாடி, கஷ்டமே கெடையாதா?" என்றேன்.

"ஏன் இல்ல? வூட்டாண்ட நின்னுகினு கீது. போனதும் புடிச்சுக்கும். அதுக்குள்ள சிக்கு எடுத்துக்கறேன். நீயும் குந்துக்கா, பேன் பாக்கறேன்."

மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே அவளிடம் தலையைக் கொடுத்தார்கள். எனக்கும் ஆசைதான். கூச்சத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே நடந்துவிட்டேன்.

இருவருக்கும் போனது ஒரே கூலிதான். அவளுக்கு மட்டும் அது எப்படி லீவு நாள் மாதிரி ஆனதோ. இன்றைக்கும் நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.