பத்து விநாடி அழுத்தவும்

கார் வாங்கிய புதிதில் அதனுடன் வந்த கையேட்டை உட்கார்ந்து படிப்பது என் வழக்கமாக இருந்தது. முன்னுரையிலிருந்து ஒரு வரி விடாமல் படிப்பேன். "ஓட்டத் தெரியாத ஆளு வேற இன்னா பண்ணுவாரு" என்பாள் என் மனைவி. அது அபாண்டம். எனக்கு ஓட்டத் தெரியும். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் யாராவது பின்னால் நின்று கை காட்ட வேண்டும்.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. நான்கு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் வருத்தப்படாமல் பஸ்ஸில் வர வேண்டிய அளவுக்குச் சின்னக் கார். இலவச சர்வீஸ்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. ஒரு மார்கழி வாரத்தில் வண்டியின் மீட்டர் பலகையில் ஸ்பேனர் படம் ஒன்று மஞ்சளாக எரியத் தொடங்கியது. ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குச் சர்க்கரை ஏறியபோதுகூட யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு விடலாம் என்றேன். "எதுக்கு? தம்பி கீறான் இல்ல" என்றாள் மனைவி.

அவள் தம்பி, அதாவது என் மச்சான், அதே தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பாலையில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தான். அச்சிலிருந்து வரும் இரும்பு வார்ப்புகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைக் கையில் பிடிக்கும் கிரைண்டரால் தேய்த்து எடுப்பது அவன் வேலை. அதற்கு முன்னால், மீசை முளைக்காத வயதில், செங்குன்றத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். இப்போது திரும்பவும் அந்தத் தொழிலுக்கே, சொந்தமாக, போக முடிவு செய்திருந்தான். கவரைப்பேட்டையில் ஒரு தகர ஷெட் பேசி வைத்தாயிற்று. திங்கட்கிழமை வேலையை விட்டு நிற்கப்போவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம ஒன் வண்டிதான் மாமா மொத போணி" என்றான் போனில். "அது நல்லபடியா முடிஞ்சா மறுநாள் கம்பெனிக்கு ஒரு கும்புடு."

"முடியலன்னா?"

"வாய கழுவு மாமா."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்தான். ஆயில் கேன், ஃபில்டர், பை நிறையச் சாமான். குளிர் என்று பைக்கில் கையுறை போட்டு வந்திருந்தான். மனைவி இட்லி வைத்தாள். அவன் ஸ்பூன் கேட்டான்.

"ஓனர் ஆயிட்டான்ல. இனிமே தொரை கையால துன்ன மாட்டாரு" என்றேன்.

"அக்கா, இந்த ஆள எப்படித்தான் கட்டிக்கினு காலம் தள்றியோ" என்று சொல்லிவிட்டு, அவன் இட்லியை ஸ்பூனாலேயே வெட்டிச் சாப்பிட்டான்.

செங்கல் அடுக்கி, அதன் மேல் மரப்பலகை சாய்த்து, காரின் முன்சக்கரங்களை ஏற்றினோம். அவன் ஏற்றினான்; நான் கை காட்டினேன். ஆயில் இளக வேண்டும் என்று இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினான். பிறகு கோணியை விரித்து, மல்லாந்து அடியில் நுழைந்தான். என் பங்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, கையேட்டிலிருந்து தேவைப்படும் வரிகளைத் தமிழில் படித்துச் சொல்வது. தேவைப்படாத வரிகளையும் சொன்னேன்.

ஆயில் தொட்டியின் அடியிலிருக்கும் போல்ட்டைத் திருகி எடுத்ததும் கறுப்பு எண்ணெய் ஆவியோடு கொட்டியது. அவன் விரல்கள் மேல் வழிந்து ஓடியது. அவன் கையை எடுக்கவேயில்லை.

"மச்சான், சுடலயா?"

"இன்னாது?"

"பேசாம ஒனக்குக் காப்பு கட்டி தீமிதியில இறக்கிடலாம்டா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த போல்ட்டின் வாஷர் கீழே விழுந்தது. சின்ன வளையம். கோணியின் மேலேயே கிடந்தது. எடுத்தான், நழுவியது. மறுபடி எடுத்தான், மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை உள்ளங்கையால் ஒற்றி எடுத்தான். "கை வழுக்குது" என்றான். எண்ணெய்க் கை வழுக்கத்தானே செய்யும். பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, மேலே வந்து புதிய ஆயிலை ஊற்றினான். கை துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் போய் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான்.

அரை நிமிஷம் இருக்காது. காருக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு ஓடை கிளம்பி என் செருப்பைத் தொட்டது. நான் கத்த, அவன் இஞ்சினை அணைத்துவிட்டு ஓடி வந்து அடியில் புகுந்தான். வெளியே வந்தபோது கையில் இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன. ஒன்று புதிய ஃபில்டருடையது. இன்னொன்று பழையதுடையது, ஃபில்டரோடு வராமல் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்ததால் கசிந்திருக்கிறது.

"ஃபில்டர் மாத்தறப்ப அந்த எடத்த வெரலால ஒரு சுத்து தடவணும். பழைய ரப்பரு கீதா இல்லியான்னு. மொத நாளே சொல்லிக் குடுக்கறது இது" என்றான்.

"பின்ன தடவலியா?"

"தடவனேன் மாமா."

சாக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டோர்ஸில் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு யார் எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் தெரியும். பஜாருக்கு நடந்து போய் இன்னொரு கேன் ஆயில் வாங்கி வந்தேன். வழி நெடுக இதை வைத்து அவனை எத்தனை நாள் ஓட்டலாம் என்று வாசகங்கள் தயாரித்துக்கொண்டே வந்தேன்.

இந்த முறை அவன் பழைய வளையம் இருந்த இடத்தைத் தடவவில்லை. டார்ச் அடித்து, கண்ணால் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். புதிய வளையத்தோடு ஃபில்டரை மாட்டி, ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். ஒரு சொட்டு இல்லை. அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "போணி போணிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மீட்டரில் எரிந்த ஸ்பேனர் படத்தை அணைக்கும் வேலை மட்டும் பாக்கி. நான் திறந்த கதவருகே நின்று படித்தேன்: "மீட்டருக்குக் கீழுள்ள குமிழை அழுத்திக்கொண்டே சாவியை ஆன் செய்யவும். பத்து விநாடி விடாமல் அழுத்தவும். படம் மினுக்கி அணையும்."

இடது கையை ஸ்டீயரிங்குக்கு நடுவே விட்டு, வலது கையால் சாவியைத் திருப்பினான். நான் பத்து எண்ணினேன். படம் அணையவில்லை. மறுபடி செய்தான். அணையவில்லை. கை மாற்றிச் செய்தான்.

"இன்னா மாமா, பொஸ்தகம் தப்பா கீது."

"பொஸ்தகம் எப்பவும் தப்பா இருக்காதுடா. படிக்கறவன்தான்."

நான்காம் முறை, என்னைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டான்: "மாமா, நான் அமுக்கிக்கினு கீறனா பாரு."

குனிந்து பார்த்தேன். ஸ்டீயரிங் மறைத்ததால் அவனுக்கு அவன் விரல் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. குமிழுக்கு அரை அங்குலம் தள்ளி, வெறும் பிளாஸ்டிக்கைத் தன் பலம் முழுவதும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தான். விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

வழியில் தயாரித்து வைத்திருந்த வாசகங்களை விட்டுவிட்டு, கையேட்டை மூடினேன்.

"இல்லடா" என்றேன். "கொஞ்சம் தள்ளி இருக்கு."

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கிரைண்டர் அதிர்ந்து அதிர்ந்து விரல்கள் மரத்துவிட்டனவாம். இரண்டு வருடமாகவே இருக்கிறதாம். குளிர் நாட்களில் மோசமாம். சட்டைப் பித்தானை அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாளாம். கிரைண்டரை விடாவிட்டால் உணர்ச்சி இன்னும் போகும் என்று டாக்டர் சொன்னாராம். "வுட்டா திரும்பி வருமான்னு கேட்டன். சொல்ல முடியாதுன்ட்டாரு. ஸ்பேனர் புடிக்கிற அளவுக்காச்சும் கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தன் மாமா. ரப்பர் கீறது தெரியாதவன் கைல எவன் வண்டிய குடுப்பான்?"

"நான் வேணா லீவு நாள்ல வந்து கூட ஒக்காந்து தடவிச் சொல்றேன்டா" என்றேன். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னேன்.

"நீயா? ஒனக்கு ரேடியேட்டர் எது பேட்டரி எதுன்னே தெரியாதே."

அவன் சாவியைத் திருப்ப, நான் குமிழை அழுத்தினேன். பத்து விநாடியில் படம் அணைந்தது. வாசலுக்கு வந்த மனைவி, "போணி ஆச்சா?" என்றாள். "ஆச்சுக்கா" என்றான். "அக்காகிட்ட சொல்லாத" என்று என்னிடம் கிளம்பும்போது சொன்னான்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பஸ்நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தான். காரை நிறுத்தி ஏறச் சொன்னேன்.

"எழுதிக் குடுக்கலியா?"

"குடுத்துட்டு?"

"டாக்டர் வுடச் சொன்னாரேடா."

"கிரைண்டர புடிக்க வெரலு ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா. கெட்டியா புடிச்சா போதும். அது இன்னும் வருது."

பனியில் முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம். அவன் ஆலை வாசலில் நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன்: கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

குறுக்கே சாய்ந்து நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"வரேன் மாமா" என்று இறங்கி உள்ளே போனான்.