பழுது பல்பில் இல்லை

எழுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எண்பது பெண்கள், இருபது பெஞ்சு. புரிந்ததா என்று கேட்டால் போதும், 'யெஸ் மிஸ்' என்று கோரஸாகக் கத்துவார்கள். பதில் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால், முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்பும். அரையாண்டுத் தேர்வில் பாதிப் பேர் ஃபெயில்!

"அடுத்த டெஸ்ட்லயும் இப்படின்னா கிளாஸை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று பிரின்சிபால் அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது.

கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவரிடம் புலம்பினேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பெஞ்சுக்கு ஒரு ஸ்விட்ச், என் மேஜையில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருபது டார்ச் பல்பு என்று ஒரு பெட்டி செய்து கொடுத்தார்.

பெட்டியை வைத்துக் கேட்ட முதல் கேள்வி: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் விசை உண்டா? முந்தின நாள் தொண்டை வறள ஆங்கிலத்தில் நடத்திய பாடம். பெஞ்சுக்குள் கலந்து பேசி, உண்டு என்றால் அமுக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சின் பல்பு மட்டும் எரிந்தது. மற்றதற்கெல்லாம் வயர் போய்விட்டது என்று நினைத்தேன்! கணவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொரு பெஞ்சாக அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். இருபதும் பளிச்சென்று எரிந்தன. பத்தொன்பது பெஞ்சுக்கு நான் நடத்தியது புரியவே இல்லை! எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஏன் அமுக்கினீர்கள் என்று கடைசி பெஞ்சைக் கேட்டேன். சமயபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண் எழுந்தாள். தமிழ் மீடியத்தில் படித்தவள், அதுவரை வாயே திறந்ததில்லை.

"தமிழ்ல சொல்லட்டுங்களா மிஸ்? பந்து நின்னாலும் பூமி இழுக்கறத நிறுத்தலையே. நிறுத்தியிருந்தா அது அங்கேயேல்ல நிக்கும்?"

"அட, ஆமால்ல!" என்றது முதல் பெஞ்சு.

"இத்தனை நாள் ஏம்மா பேசலை?"

"இங்கிலீஷ்ல தப்பா சொன்னா திட்டுவீங்களே மிஸ்."

உண்மைதான். நிறையவே திட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து முதலில் பல்பு, பிறகு அவர்களுக்குள் தமிழில் விவாதம், மறுபடி பல்பு, கடைசியில்தான் ஆங்கிலம். அடுத்த டெஸ்டில் ஏழு பேர்தான் ஃபெயில். வகுப்பு என்னிடமே இருந்தது.

அதற்கு முன் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருப்பேனோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் எண்பது பேர் நடுவில் அவள் எழுந்து நின்று பேசியதை நினைத்தால், என்னாலும் மாற முடிந்ததே என்று இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.