ஆற்றைப் பார்த்துப் போட்ட ஐந்து துளைகள்

என் வீட்டுக்காரர் அழகுபாண்டி கிணற்றுக்குள் இறங்கிச் சுவரில் பக்கவாட்டில் துளைத்து சைடு போர் போடுகிறவர். சமயநல்லூர்ப் பக்கம் எந்தக் கிணறு வற்றினாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். இருபத்திரண்டு வருஷமாக அவர் உள்ளே இறங்க, மேலே கயிறு பிடிக்கிறவள் நான். வைகை இருக்கும் தெற்குச் சுவரில் சூடம் காட்டி அங்கேதான் துளை போடுவார். "தண்ணி ஆத்துலருந்து வராம வேற எங்கருந்து வரும் ஒச்சாயி?" என்பார். ஊரில் ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை, வாயாடி நான் உட்பட.

என் தம்பி கருத்தக்கண்ணனுக்கு இருந்தது ஒரே ஒரு ஏக்கர். கிணறு வற்றித் தென்னை மட்டையெல்லாம் தொங்கிவிட்டது. தண்ணீர் வந்தால் வைத்துக்கொள்வது, வராவிட்டால் வீட்டுமனை போடும் பிளாட்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று இருந்தான். இவர் தெற்கே ஐந்து துளை போட்டார். ஐந்திலும் புழுதிதான். புதன்கிழமை மேலே ஏறி வந்து, "இனி இல்ல மாப்ள" என்றார். அவர் வாக்கை நம்பித் தம்பி வெள்ளிக்கிழமை பத்திரம் முடிக்க நாள் குறித்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை துளை போடும் மெஷினை எடுத்துவரப் போயிருந்தோம். ரோகிணி என்று ஆராய்ச்சி படிக்கும் பெண் வந்தாள். மண்ணுக்குள் கிடக்கும் பழைய ஆற்றுப் படிவுகளை இன்றைய வைகையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாளாம். பிளாட்காரர் மூடும் முன் இந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டுமாம். இவரோடு இறங்கி டார்ச் அடித்தாள்.

"அண்ணே, இந்தக் கூழாங்கல்லப் பாருங்க, எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கெடக்கு. வைகையிலயும் தண்ணி தள்ளி இப்படித்தான் சாச்சு வச்சிருக்கு. இங்க ஒரு பழைய ஆறு ஓடிருக்குண்ணே."

இவர் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"தெக்குச் சுவத்துல கல்லு ஒரு சாண்தான். வடக்க இடுப்பு உசரம். இப்ப ஓடுற ஆத்துலயும் கரையோரம் மெல்லிசா, நடுவுல கனமா இருக்கும். அப்ப இந்த ஆத்தோட நடு வடக்க கெடக்கு. தண்ணி இருந்தா அங்கதான் இருக்கும்."

இவர் மெஷினை வடக்கே திருப்பினார். பன்னிரண்டாவது அடியில் ஈர மணல் வந்தது. அப்புறம் தண்ணீர் பீறிட்டு இவர் நெஞ்சிலேயே அடித்தது.

"அடப்பாவி மனுசா!" என்று மேலிருந்து கத்தினேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தன கெணத்துல இப்படிச் செஞ்சேனோ" என்றார்.

தம்பி போன் அணைந்திருந்தது. இவரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். பத்திர ஆபீஸ் வாசலில் வண்டி நிற்கும் முன்னே இவர் குதித்து ஓடினார். பத்திரம் முடித்துக் கைரேகை வைத்த கட்டைவிரல் மையைத் தூணில் தேய்த்துக்கொண்டு தம்பி வெளியே வந்தான்.

"தண்ணி இருக்கு மாப்ள. வடக்க. நாந்தான் தப்பான பக்கம் தொளச்சிட்டேன்."

தம்பி மையைத் தேய்ப்பதை நிறுத்தினான். வண்டியை நிறுத்திவிட்டு நான் அவன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டேன், அவன் கவனிக்கவில்லை. மை விரலோடு இவர் கையைப் பிடித்தான்.

"அக்காட்ட சொல்லிராதீங்க மச்சான். உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடும்."

வழியெல்லாம் திட்டித் தீர்த்த நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.