இல்லாட்டிக்கு ஓர் இல்லாட்டி

அந்தச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இல்லாட்டி' என்றுதான் சொல்வார்கள், அதுவும் அவர் காதில் விழும்படி. "வண்டி காலையிலயே வந்துரும் சார்" என்றால் போதும், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இல்லாட்டி?" என்பார். பதில் இல்லாதவன் அன்று நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கல்யாணத்தன்று தனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டால் தம்பியை உட்கார வைக்கலாமா என்று பெண்ணின் அப்பாவிடமே கேட்டாராம். மனைவி இதை மறுத்ததே இல்லை. கொழுந்தனார் வீட்டுக்கு வரும்போது மட்டும் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துக்கொள்வார்.

சிரித்தவர்கள் எல்லாரும் வெள்ளம் வந்த வாரம் வாயை மூடிக்கொண்டார்கள். ஊரே இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதும் ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கைவிரிப்பு போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் போனதும், அவர் சண்டை போட்டு மாடியில் ஏற்றி வைத்திருந்த ஜெனரேட்டர் உறுமியது. பம்ப் மூழ்கியது. கொட்டகையில் உயரமான மேடைமேல் சாக்குப் போர்த்திக் கிடந்த பழைய பம்ப், வாராவாரம் அவர் கையால் எண்ணெய் குடித்த நன்றிக்கு, உடனே ஓடத் தொடங்கியது. வண்டிக்குப் பதில் மீன்காரரின் படகு. விரிப்புகளில் மீன் வாடை அடித்ததால் பூனைகள் வார்டு வரை பின்தொடர்ந்தன என்பார்கள். நான் பூனைகளை எண்ணவில்லை.

முதலாளி எல்லார் முன்னாலும் அவர் தோளில் தட்டினார். அத்தோடு நின்றிருக்கலாம். மனிதர் அந்தக் கேள்வியைத் தன்னைப் பார்த்தே கேட்டுக்கொண்டார்.

"நான் இல்லாட்டி?"

அன்று மத்தியானம் அவரே நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அதனால் துணி மடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டுத் தன் வேலை முழுவதையும் கற்றுக்கொடுத்தார். பாய்லர் எந்தச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டும், எந்த நர்ஸிடம் குரலைத் தாழ்த்த வேண்டும், எல்லாம். பிறகு சோதித்துப் பார்க்க ஒரு வாரம் லீவு போட்டார்.

"செத்தாலும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"சாகறது யாருண்ணே, நீங்களா நாங்களா?" என்றாள் அவள்.

வீட்டில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று புலம்பினார். தாங்க முடியாமல் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து போன் போட்டார். இவர் பாய்ந்து எடுத்து, "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்றார்.

"நான்தான். அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கங்க."

திரும்பிப் போனபோது முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. "அருமை சார். ஒரு துணி தாமதமில்ல. நீங்க இல்லாமலே எல்லாம் நடக்கும்னு நீங்களே காட்டிட்டீங்க."

பெருமையோடு தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் அர்த்தம் விளங்கியது.

அவரை வழியனுப்ப வாசல் வரை வந்த அந்தப் பெண்ணின் இடுப்பில் அவருடைய சாவிக்கொத்து தொங்கியது. "உங்க வேலையையும் என் வேலையையும் சேத்துப் பாருன்னுட்டாருண்ணே. நான் வராட்டி யாருன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"வராம இருக்காதேன்னாரு."

இரண்டு ஆள் வேலையை ஓர் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? மழைக்காலம் முடியுமுன் அவள் காய்ச்சலில் படுத்தாள். பாய்லர் முரண்டு பிடித்தது. டிரைவர் ஓடிவந்து இவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"வேலையை விட்டுத் துரத்தினவங்களுக்கு என்ன அவசரம்?" என்றார் மனைவி.

"ஆபரேஷனுக்குத் துணி போகணும்." அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

மத்தியானத்துக்குள் பாய்லர் வழிக்கு வந்தது, துணி போனது. திரும்ப வேலைக்கு வரச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் முதலாளி அறையில் நின்றார்; யாராவது கேட்டால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

"நல்லவேளை, பக்கத்துலயே இருக்கீங்க. இனிமே இப்படி ஏதாவதுன்னா உங்களையே கூப்பிட்டுக்கறோம்."

"நான் வராட்டி?"

முதலாளி சிரித்தார். "நீங்களா? வருவீங்க."

வெளியே வரும் வழியில் கொட்டகைப் பக்கம் கால் போனது. சாக்கு நழுவிக் கிடந்தது. பழைய பம்பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். அசையவில்லை. விரலில் துரு ஒட்டியது, எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. சாக்கை இழுத்து மூடிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.