ஹேனி கேட்ட அங்கீகாரம்

கோர் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஹேனி பராவோனே, பிலிப்பைன்ஸிலிருந்து மூன்று வெல்டர்களை வரவழைக்க முடிவு செய்தாள். அந்த நாட்டில் வெளிநாட்டு ஆள் எடுக்கும் முதலாளிக்கு அரசின் அங்கீகாரம் வேண்டும். ஐந்து பேர் வரை என்றால் சாதாரண அங்கீகாரம் சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் அவளுடைய ஆட்கள் வேலை செய்யப்போவது அடுத்தவர்களின் பண்ணைகளிலும் ஆலைகளிலும். அதற்குத் தனி அங்கீகாரம். சோதனையும் காத்திருப்பும் அதிகம்.

“மூணே பேருதான, ஹேனி! சாதாரணதையே வாங்கிப் போடு. எவன் வந்து எட்டிப் பாக்கப்போறான்?” என்றான் அவளுடைய தங்கை கணவன் காலின்.

“வெளிய அனுப்பத்தான் ஆள் கூப்பிடுறேன். அதை மறைச்சு எழுதச் சொல்றியா?”

“காத்திருந்தா பால்பவுடர் ஆலைக்காரன் தர்றேன்ன வேலை போயிரும்.”

“போனா போகட்டும்.”

போயே விட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளே முகமூடி மாட்டிப் பண்ணைக் கதவுகளுக்கு வெல்டிங் வைத்தாள். வசந்தத்தில் தனி அங்கீகாரம் கிடைத்து வெல்டர்கள் வந்தார்கள்.

ஒருநாள், வேலைக்குப் போயிருந்த இறைச்சி ஆலையிலிருந்து அவர்களில் ஒருவனான ரொடேலியோ போன் செய்தான். இடுப்புக் கயிறு இல்லாமல் தொட்டிமேல் ஏறச் சொல்கிறார்களாம். ஹேனி போட்டிருந்த ரப்பர் பூட்சோடு போய் நின்றாள்.

“எங்க இடத்துல நாங்க சொல்றதுதான்” என்றார் மேலாளர்.

“இடம் உங்களோடது. ஆளு என்னோட ஆளு. அவனுக்கு நான்தான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். கயிறு இல்லாம ஏற மாட்டான்.”

“வேற பட்டறை இல்லையா எங்களுக்கு?”

“தாராளமா கூப்பிடுங்க. அவங்களுக்காவது கயிறு குடுங்க.”

ரொடேலியோவின் சாமான்களை அவளே வண்டியில் ஏற்றினாள். அடுத்த வாரம் மேலாளரே கூப்பிட்டு, கயிறு வந்துவிட்டது என்றார்.

“கையில இருக்குற வேலை முடியட்டும், வர்றோம்” என்றாள் ஹேனி.