கடலில் நின்று வகுப்புக்கு வந்தவர்

அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிந்ததில்லை. தொற்றுநோய் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பத்திரிகை வேலையை விட்டுவிட்டு மன்னாருக்கு வந்திருந்த நான், பட்டினத்தில் இரண்டு அறைக் கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகளுக்கு அங்கிருந்து இணையவழியில் விஞ்ஞானம் கற்பித்தார்கள். பாடக் குறிப்புகளை எளிய தமிழில் திருத்திக் கொடுப்பது என் வேலை. வகுப்பை விட்டு நிற்கும் பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதும் என் வேலைதான். இரண்டாவதுதான் அதிகமாக இருந்தது.

பிள்ளைகள் முசலியிலிருந்து விடத்தல்தீவு வரை பரந்திருந்தார்கள். பெரும்பாலும் மீளக்குடியேறிய குடும்பங்கள். சில ஊர்ப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லை. எங்கள் வகுப்பும் போனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் மட்டும்தான் மிச்சம். இடமோ மட்டு. டேட்டா அட்டை வாங்கிக் கொடுக்கக்கூடிய அளவுக்குத்தான் பிள்ளைகளைச் சேர்த்திருந்தோம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை நிறுத்தி, காத்திருக்கும் இன்னொரு பிள்ளையை எடுப்பது கந்தோரின் விதி.

வகுப்பை எடுத்தவர் உயிலங்குளத்து இளம் ஆசிரியை. பின்னேரம் மடிக்கணினியின் முன் அமர்வார். திரையில் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முகம் இல்லை, குரல் இல்லை. பிரசாரணத்தை, அதாவது மெல்லிய சவ்வைக் கடந்து தண்ணீர் போவதை, விளக்க உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டுத் தூக்கிக் காட்டுவார். "விளங்குதா?" என்பார். கட்டங்கள் அப்படியே இருக்கும்.

"சுவரோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை," என்று ஒருநாள் மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னார். "சுவரெண்டாலும் எதிரொலிக்கும்."

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வகுப்பையும் பாடத்தோடு தொடங்காமல் பிள்ளைகளோடு தொடங்குவது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளை மைக்கைப் போட்டுத் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, ஊரைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. யார், எந்த ஊர் என்ற இரண்டையும் கேட்காமல் நான் ஒரு செய்தியும் எழுதியதில்லை. முதல் கிழமை கலகலப்பாகவே போனது. ஒரு பிள்ளை தன் ஊர்க் குளத்தைச் சொன்னது, இன்னொன்று தன் ஊர்க் கழுதைகளைச் சொன்னது. ஆசிரியை சிரித்தார். நான் கதவுக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் கிழமைதான் விடத்தல்தீவுப் பிள்ளையின் முறை வந்தது.

"மகள், மைக்கைப் போட்டு உங்கட பேரும் ஊரும் சொல்லுங்கோ."

பதில் இல்லை. ஆசிரியை மறுபடி கூப்பிட்டார். திடீரென்று அந்தக் கட்டத்திலிருந்து இயந்திரச் சத்தமும் காற்றின் இரைச்சலும் வந்தன. பிறகு ஓர் ஆண்குரல்.

"ஓம், ஓம். நிக்கிறா ரீச்சர்."

"ஆர் கதைக்கிறது?"

"நான் தேப்பன். பிள்ளை நிக்கிறா. வரவு இடாப்பில போடுங்கோ."

"பிள்ளையிட்டக் குடுங்கோ, அப்பா."

"இப்ப ஏலாது ரீச்சர். கடலில நிக்கிறன்."

பின்னாலிருந்து வேறொரு குரல் கத்தியது. "ஆரோடயடா கதைக்கிறாய்? கயித்தைப் பிடி!"

"சத்தம் போடாதயடா, விஞ்ஞானம் நடக்குது!"

அதுவரை பேசாத கட்டங்களெல்லாம் மைக்கைப் போட்டுச் சிரித்தன. "ரீச்சர், மாமாவிட்டயும் ஒரு கேள்வி கேளுங்கோ," என்றான் முருங்கன் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். "ரீச்சர், மாமா மீன் வகுப்புக்கு வந்தவர்," என்றது வேறொரு குரல். ஆசிரியைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. படகிலிருந்த கட்டம் அணைந்தது. அன்று அதன்பிறகு அந்தப் பெயர் வகுப்புக்கு வரவில்லை.

மறுநாள் கந்தோரின் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல, விதிக்காரர். "இதுநாள் வரைக்கும் பிள்ளையின்ர பேரில தேப்பன்தான் வந்திருக்கிறார். இது வரவில்ல. முசலியில ஒரு பிள்ளை எப்பவோ தொட்டுக் காத்துக்கொண்டு நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பிள்ளை ஒரு வார்த்தையாவது பாடத்தைப் பற்றிக் கதைக்கோணும். இல்லையெண்டால் எடுத்துவிடுவம்."

அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுப்பார் இல்லை. கந்தோரில் இருக்கப் பொறுக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தள்ளாடிச் சந்தி தாண்டி வடக்கே திரும்பியதும் காற்று பக்கவாட்டில் தள்ளியது. பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய தவணை முடியும் நேரத்தில் செய்தி தேடிப் போகும்போது வரும் அதே பதற்றம். எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்று தெரிந்திருந்தும் அது அடங்கவில்லை.

விடத்தல்தீவில் பூசப்படாத சீமெந்துக் கல் வீடு. தகப்பன் வாசலில் நண்டு வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ ஐயா. அண்டைக்குப் பிழையா நடந்துபோச்சு. கை ஈரம், எங்கயோ பட்டு மைக் திறந்திட்டுது."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி தேத்தண்ணீரோடு வந்தார். "வகுப்புக்குப் போன ஆளைக் கேளுங்கோ ஐயா, என்ன படிச்சவர் எண்டு. உருளைக்கிழங்கை உப்புத் தண்ணியில போடுறதாம். அதை எனக்கு வேற வந்து படிப்பிச்சவர்."

"நீ சும்மா இரு."

தொலைபேசியைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் முடியாதா என்று கேட்டேன். போரின் போது இந்தியாவுக்குப் போய், அங்கே முகாமில் நீண்டகாலம் இருந்து, மூன்று வருடங்களுக்கு முன்தான் திரும்பி வந்த குடும்பம் அது. வீட்டில் ஒரேயொரு தொலைபேசி. அது இல்லாமல் கடலுக்குப் போவது ஆபத்து என்பார், நான் மாற்றுவழி சொல்லவேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"வீட்டில விடலாம் ஐயா. கூட வாறவனிட்டப் போன் இருக்கு," என்றார். "நான் விடுறன் எண்டுதான் சொன்னனான். இவள்தான், 'அப்பா நீங்க கொண்டுபோங்க, லிங்க்க மட்டும் அமத்தி வச்சிருங்க'ண்டு சொல்லித் தந்தவள். என்ர பாதுகாப்பை யோசிக்கிறாள் எண்டு நினைச்சன்."

பிள்ளை கதவுநிலையில் நின்றாள். ஏன் என்று அவளைக் கேட்டேன். முதலில் தாயைப் பார்த்தாள்.

"மொதல்ல எல்லாரும் ஊரு சொல்லணும்ல."

"சொன்னால் என்ன மகள்?"

"எந்த ஊரச் சொல்றது? நான் பொறந்தது அங்க, முகாம்ல. இந்த ஊருன்னு சொன்னா, என் பேச்சக் கேட்டுட்டு இது எந்த ஊர்ப் பேச்சுன்னு சிரிப்பாங்க. ஸ்கூல்ல அப்படித்தான் சிரிச்சாங்க. அங்க சிலோன்காரின்னாங்க, இங்க இந்தியாக்காரிங்கிறாங்க."

"அப்ப பாடம்?"

"பாடம் வேணும் சார். அப்பா காலைல வந்ததும் வகுப்புப் பதிவப் போட்டு ரெண்டு தடவ பாக்குறேன். நான் உயர்தரத்துல பயோ எடுக்கணும். இதுல பாஸ் பண்ணலன்னா குடுக்க மாட்டாங்க." கதவுநிலையை விட்டு வெளியே வந்தாள். "டீச்சர் ஏன் ஊரக் கேக்குறாங்க? எது புரியலன்னு கேட்டா போதுமே. என்னய வகுப்புலேருந்து எடுத்துருவீங்களா?"

வெள்ளிக்கிழமை முடிவெடுப்பார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். தகப்பனின் கை வலையில் அப்படியே நின்றது. பிறகு பாசியைப் பிய்க்கத் தொடங்கினார்.

திரும்பி வந்து ஆசிரியையிடம் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியது.

"அன்பாத்தானே கேட்டனான் அண்ணை."

"ஓம்."

"நான் இடம்பெயர்ந்து போய்ப் படிச்ச பள்ளிக்கூடத்தில என்னை ஒருத்தரும் எந்த ஊரெண்டு கேக்கேல்ல. கேக்கமாட்டினமோ எண்டு இருந்தனான். அதாலதான் கேட்டனான்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்று அரைமணி நேரம் தெருவைப் பார்த்தேன். பிறகு உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது. பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே பதிவைப் பலருக்கும் தட்டிவிடவில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேசினார். "போன பாடத்தில எந்த இடத்தில விளங்காமல் போனது மகன்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒருத்தரும் கேக்கமாட்டினம்." மகன் என்றும் மகள் என்றும் மாற்றி மாற்றி, தொண்டை கட்டும்வரை சொன்னார்.

அடுத்த வகுப்பில் ஊர்ச் சுற்று இல்லை. நேரே பாடம். வகுப்பு முடிந்ததும் பதில்கள் வரத் தொடங்கின. முதலாவது, மாமாவிடம் கேள்வி கேட்கச் சொன்ன முருங்கன் பக்கத்துப் பையனுடையது. முதலாம் பாடத்திலிருந்தே தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தணிந்த குரலில் சொல்லியிருந்தான். "பகிடி மட்டும் விடத் தெரியுது," என்றார் ஆசிரியை. ஆனால் அந்தப் பதிவை மூன்று முறை கேட்டார்.

விடத்தல்தீவிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. புதன் போனது, வியாழன் போனது. ஆசிரியை அனுப்பிய பதிவு கேட்கப்பட்டிருப்பது திரையில் தெரிந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, செய்யவேண்டிய குறிப்புகளில் ஒரு பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. "அண்ணை, உங்களால எனக்கும் தலை சுத்துது. வெளியில போங்கோ," என்று ஆசிரியை துரத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை, படகுகள் கரைக்கு வந்திருக்கும் நேரத்துக்குப் பிறகு, வந்தது. ஆசிரியை சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். முதலில் வெறும் மூச்சு. பிறகு குரல்.

"டீச்சர், நீங்க ரொம்ப வேகமா சொல்றீங்க. தண்ணி கிழங்குலேருந்து வெளிய போகுதுன்னு சொன்னீங்க, அது புரிஞ்சுது. அடுத்த படத்துல உள்ள போகுதுங்கிறீங்க. அது எப்படின்னு சொல்லாமலே தாண்டிட்டீங்க. எனக்கு அங்கதான் புரியல."

"வேகமாம்," என்றார் ஆசிரியை. காது சிவந்திருந்தது. "என்னை வேகமெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"ஒருத்தரும் ஒண்டுமே சொன்னதில்லையே," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரின் மேசைக்குப் போனார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வகுப்பில கதைக்கேல்லையே."

"பாடத்தைப் பற்றிக் கதைக்கோணும் எண்டுதானே சொன்னனீங்கள். என்ர பாடத்தைப் பற்றி இவ்வளவு கதைச்ச பிள்ளை வேற இல்ல."

அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டு முடித்ததும் இடாப்பை இழுத்து அந்தப் பெயருக்கு நேரே அடையாளம் போட்டார். "இருக்கட்டும்," என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "முசலிப் பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

அந்த வீட்டுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். இன்னும் இடம் வரவில்லை என்றேன். "பறவாயில்ல, காத்திருக்கிறம்," என்றது ஒரு பெண்குரல், தாயாக இருக்கவேண்டும். பத்திரிகையில் இருந்த காலத்தில் இப்படியான வாக்கியங்களை மேற்கோளுக்குள் போட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போயிருக்கிறேன். அன்று அடுத்த பந்திக்குப் போக முடியவில்லை. வகுப்பு முடிகிற நேரங்களில் பதிவுகளையாவது அந்தப் பிள்ளைக்கு அனுப்பலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். யோசிப்போம் என்றார்.

உள்ளறையில் ஆசிரியை புதுக் கிழங்கை வெட்டி, ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரும் இன்னொன்றில் நல்ல தண்ணீரும் ஊற்றி, விட்ட இடத்தை மட்டும் மறுபடி பதிவு செய்தார். மெதுவாகச் சொன்னார். எங்கே தண்ணீர் கூடவோ அந்தப் பக்கத்திலிருந்து, நடுவில் நிற்கும் மெல்லிய தோலைக் கடந்து, குறைந்த பக்கத்துக்கு, என்று விரலால் காட்டினார். அனுப்பினார். நாங்கள் இருவரும் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றோம்.

பதில் எழுத்தில் வந்தது.

"இப்ப கொஞ்சம் புரியுது டீச்சர். நடுவுல இருக்குற அந்தத் தோல் என்ன பண்ணுதுன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."

ஆசிரியை பெருமூச்சு விட்டு, கத்தியை எடுத்து, இன்னொரு கிழங்கை வெட்டத் தொடங்கினார்.