ஷட்டர் கைப்பிடி

எனக்கு ஒன்பது வயதாகும்போது மாமா எங்கள் ஊர் வாய்க்காலுக்குச் சம்பளமில்லாத லஸ்கர் ஆனார். லஸ்கர் என்றால் ஷட்டரை ஏற்றி இறக்கும் அரசாங்க ஆள். இருந்தவர் கால் முறிந்து படுத்துவிட்டார். மாற்று ஆள் வருவார் என்று ஆபீசில் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பி.ஏ.வில் இரண்டு தடவை தவறிவிட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பாவின் மைத்துனர் என்பதால் தலைமடை மிராசுதார்கள் சம்மதித்தார்கள். மேடையேறிச் சமத்துவம் பேசுகிறவர் என்பதால் கடைமடைக் குத்தகைக்காரர்களும் சம்மதித்தார்கள். இரண்டு தரப்பும் அவரை நம்ம ஆள் என்று நினைத்த ஒரே மாதம் அதுதான்.

ஷட்டரை இறக்கினால் தண்ணீர் தேங்கி எங்கள் வயல்களுக்கு ஏறும். தூக்கினால் கடைமடைக்கு ஓடும். நான்கு நாள் எங்கள் முறை, நான்கு நாள் அவர்கள் முறை. ஷட்டரைத் தூக்கிய நேரத்திலிருந்து நான்கு நாள் என்பார்கள் எங்கள் பக்கத்தில். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் ஊர்ந்து போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும், வயலைத் தொட்டதிலிருந்துதான் முறை என்பார்கள் அவர்கள். குத்தகைக்காரர்கள் உழுகிற நிலத்தில் உரிமை கேட்டுத் தாலுகா ஆபீசில் தங்கள் பெயரைப் பதிய ஆரம்பித்திருந்த வருஷம் அது. அந்த ஒன்றரை நாளை விட்டுக்கொடுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. அப்பாவுக்குத் துளியும் வரவில்லை.

அந்தத் தடவை கடைமடையில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இந்த முறையில் நடாவிட்டால் அவர்களுக்கு அந்தப் போகமே இல்லை. எங்கள் பக்கத்துக் கணக்குப்படி ஷட்டரை இறக்க வேண்டிய காலையில் நான் மாமாவுக்கு இட்லி கொண்டுபோனேன். அங்கே சேற்றுக் காலோடு ஒரு குத்தகைக்காரர் நின்றிருந்தார்.

"பாதி வயலுதாங்க நனைஞ்சிருக்கு. இப்ப இறக்கினா நாத்த மாட்டுக்குத்தான் போடணும்."

மாமா இட்லியைச் சாப்பிட்டார், கை கழுவினார். பிறகு ஷட்டரின் திருகில் மாட்டியிருந்த இரும்புக் கைப்பிடியைக் கழற்றி என் பைக்குள் வைத்தார்.

"பாப்பா, இத பத்தாயத்துல நெல்லுக்குள்ள போட்டுடு. யார் கேட்டாலும் சொல்லாத."

ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். என்னையும் சேர்த்துக்கொண்டதில் பெருமை வேறு. கைப்பிடி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று மாமா ஊரில் சொல்லிவிட்டார். இரண்டு பேர் பொழுதெல்லாம் முங்கி முங்கித் தேடினார்கள். நீடாமங்கலம் போய் வேறு கைப்பிடி வாங்கி வருவதற்குள் மறுநாள் மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் கடைமடை முழுக்கத் தண்ணீர் நின்றது; நடவும் தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மிராசுதார்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். ஒரு கைப்பிடியைக் காப்பாற்றத் தெரியாதவன், ரெண்டு தடவை பெயிலானவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று ஆளாளுக்கு ஏசினார்கள். மாமா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். திட்டித் தீர்த்துவிட்டு அவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாயத்துக்குள் இறங்கி நெல்லைக் கிளறி, கைப்பிடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"மாமா ஒண்ணும் தொலைக்கல. பத்தாயத்துல போடச் சொன்னாங்க, நான்தான் போட்டேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, கைப்பிடியையே பார்த்தார்.

"மாப்பிள்ளை, காலைல மொத வண்டிக்குக் கெளம்பிடுங்க."

"சரி அத்தான்."

மாமா என்னிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டு, ரொம்ப கனமா இருந்துச்சா பாப்பா என்று கேட்டார். விடிந்ததும் போய்விட்டார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

தொலைக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் நானே எடுத்துக் காட்டிய பிறகும் அவரை எதற்கு அனுப்பினார் என்று, அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.